புடவையும் பெண்ணும் பார்த்த ஞாயிற்றுக்கிழமைகள்

காஞ்சிபுரத்தில் பிறந்தவளுக்குச் சில தொல்லைகள் கூடவே பிறந்துவிடுகின்றன. வெளியூரில் யாராவது "எந்த ஊரும்மா?" என்று கேட்டு நான் பதில் சொன்னால் போதும், கேட்டவரின் கண் உடனே என் புடவைக்கு இறங்கும். கட்டியிருப்பது நூல் புடவை என்று தெரிந்ததும் முகம் தொங்கிப்போகும். "காஞ்சிபுரம்னு சொல்றீங்க, பட்டு கட்டலியா?" என்பார்கள். நகைக்கடைக்காரர் வீட்டில் என்ன, தங்கத்தையா பிசைந்து சாப்பிடுகிறார்கள்?

இதையெல்லாம் இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வீட்டுக்குள் வந்து தறியைப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை புடவை போடுவீங்க?" என்று இட்லி கணக்கில் கேட்பவர்கள் ஒரு ரகம். பதினைந்து நாளில் ஒன்று முடிந்தால் அதிர்ஷ்டம் என்றால் நம்பமாட்டார்கள். உட்கார்ந்துகொண்டே செய்கிற வேலைதானே, இதில் என்ன கஷ்டம் என்று முதுகுவலிக்காரியிடமே கேட்பவர்கள் இன்னொரு ரகம். வடை தின்ற கையைத் துடைக்காமல், "பட்டுன்னா பட்டுதான்" என்று தறியில் இழுத்துக் கட்டியிருக்கிற பாவு நூலைத் தடவிப் பார்ப்பவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கோயிலில் செருப்பு காணாமல் போய்விடும் என்று எங்கள் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் வேறு. எங்கள் வீட்டில் காணாமல் போனால் நாங்கள் பதில் சொல்ல வேண்டும். பெருமாள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இவர்கள் எல்லோரும் சில்லறை. என் இளவயதில் என்னை நிஜமாகவே வாட்டி எடுத்தவர்கள் வேறொரு கூட்டம். அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள், என்னைப் பெண் பார்க்க.

எழுபதுகளின் தொடக்கம் அது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்கு ஒரு தறி. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு ஒரு நிறமும் வைத்துக் கோத்து நெய்கிற புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். அப்பா நடுவில் உட்கார்ந்து உடலை நெய்வார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூலைக் கொண்டு ஓடுகிற நாடாக் கட்டையைத் தள்ளுவேன். பட்டும் ஜரிகையும் முதலாளியுடையவை. எங்களுடையவை கையும் காலும் மட்டும். நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்ததும் புடவை முதலாளி வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

இந்தச் சின்ன விஷயம் மெட்ராஸ்காரர்களுக்குக் கடைசி வரை புரியவில்லை. வந்தவர்கள் எல்லோரும் எங்கள் சாதிதான். அவர்களுடைய தாத்தாக்களும் தறிக்குழியில் கால் தொங்கவிட்டவர்கள்தான். ஆனால் ஒரு தலைமுறை ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் எல்லாம் மறந்துவிடும் போலிருக்கிறது. நெய்கிறவன் வீட்டில் புடவை காய்க்கும், பறித்துக்கொண்டு போகலாம் என்றே நினைத்தார்கள். அவர்களுக்கு ஞாயிறு லீவு. எங்களுக்கு லீவு அமாவாசைக்கு. அவர்கள் வந்த ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் தறி சும்மா கிடந்தது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எனக்குக் கீழே ஒரு தங்கை. எனக்கு முடிந்தால்தான் அவளுக்குப் பார்க்க முடியும் என்பது வீட்டில் தினமும் ஒலித்த பாட்டு. அதனால் யார் வருகிறேன் என்று எழுதினாலும் அப்பா, "வரட்டும், வரட்டும்" என்றார்.

முதலில் வந்த கூட்டத்தில் எட்டுப் பேர். காலை பஸ்ஸில் வந்து இறங்கியவர்களை அப்பா நேராகக் கோயில்களுக்கு அழைத்துப் போனார். காமாட்சி, ஏகாம்பரநாதர், பிறகு வரதராஜர். தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொடுவதற்கு வரிசையில் நின்றார்கள். மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளையின் அம்மா, "இவ்வளவு தூரம் வந்துட்டு புடவை பாக்காம போனா எப்படி?" என்று ஆரம்பித்தார். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போய், கெஞ்சிக் கேட்டு நான்கு புடவைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடை லாபம் சேர்க்காத தறி விலைக்கு.

அந்தப் புடவைகளை அவர்கள் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். கொல்லைப்புறத்துக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்தார்கள். முந்தியைத் தனியாக, உடலைத் தனியாக, பின்பக்கத்தைத் தனியாகப் பார்த்தார்கள். ஜரிகையை நகத்தால் சுரண்டினார்கள். ஒருத்தர் மோந்துகூடப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம். கடைசியில் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று யாரோ சொன்ன பிறகுதான், "அட, பொண்ண கூப்பிடுங்கப்பா" என்ற ஞாபகம் வந்தது. இருட்டான கூடத்தில் என்னை ஐந்து நிமிஷம் பார்த்தார்கள். என்னை யாரும் வெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவர்களிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

இரண்டாவது கூட்டம் மரியாதை தெரிந்தது. வந்து பார்த்துவிட்டு ஊருக்குப் போனதும் கடிதம் எழுதினார்கள். எங்கள் வீட்டில் தடங்கலில்லாமல் படிக்கத் தெரிந்தவள் நான்தான். அப்பா கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். எனக்கு வந்த தீர்ப்பை நானே உரக்கப் படிக்க வேண்டியிருந்தது. "தாங்கள் கொடுத்த புடவை நல்ல பளிச்சென்ற நிறம், எல்லோரும் பாராட்டுகிறார்கள். பெண்தான் நிறம் சற்று மட்டு என்று வீட்டில் அபிப்பிராயப்படுகிறார்கள். தவறாக நினைக்க வேண்டாம். பெரிய மருமகளின் தங்கைக்கும் அதே மாம்பழ நிறத்தில் ஒன்று தேவைப்படுகிறது." இப்படிப் போயிற்று அந்தக் கடிதம். நான் படித்துக்கொண்டே இருந்தேன். அம்மா தலையைக் குனிந்து கொண்டாள்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? சைக்கிளை எடுத்தார். மாலைக்குள் மாம்பழ நிறத்தில் ஒரு புடவை வீட்டுக்கு வந்துவிட்டது. "வந்து எடுத்துக்கினு போகச் சொல்லி எழுதுமா" என்றார். நான் எழுதினேன். என் கையாலேயே.

"என்னை வேணான்னு சொன்னவங்களுக்கு எதுக்குப்பா?" என்று கேட்டதற்கு, "அவங்களால நாளைக்கு வேற எடம் வரும்மா. எவரையும் மொறச்சிக்கக் கூடாது" என்றார். வந்தவர்கள் வேண்டாம் என்றது எனக்கு அப்படியொன்றும் வலிக்கவில்லை. அந்த மூஞ்சிகளோடு காலம் தள்ளாமல் தப்பித்தேன் என்றுகூட நினைத்தேன். அப்பா சைக்கிளை எடுத்ததுதான் வலித்தது. என்னைப் பெற்றவருக்கு ஒரு தடவையாவது முடியாது என்று சொல்ல வராதா என்று நாள் முழுக்க மனசுக்குள் அவரோடு சண்டை போட்டேன்.

மூன்றாவதாக வந்தவர்கள்தான் என் கதையில் முக்கியமானவர்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, ஒரு அத்தை. மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. பார்க்க லட்சணமாக இருந்தார், அதை மறைப்பானேன். முன்கூட்டியே என் போட்டோவைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். போட்டோவைப் பார்த்த பிறகும் வருகிறார்கள் என்பதால் அம்மாவுக்கு நம்பிக்கை வந்து கேசரியில் முந்திரி கூடிவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா நடமாடும் பஞ்சாங்கம். வந்ததும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, "ஞாயித்துக்கெழம பாருங்க, பன்னெண்டுலேந்து ஒன்றரை வரைக்கும் எமகண்டம். மூணுக்கு மேல குளிகை. நாலரைக்கு ராகுகாலம் வந்துடுது" என்று விரல் விட்டுச் சொன்னார். "ஒன்றரைக்கும் மூணுக்கும் நடுவுலதான் நல்ல நேரம். அதுக்குள்ள கூரைப்பொடவ எடுத்துடணும்."

கூரைப்புடவை! அப்பாவும் அம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தாலி கட்டும்போது மணப்பெண் உடுத்துகிற புடவை. அதை மாப்பிள்ளை வீட்டார்தான் எடுக்க வேண்டும். பெண் பார்க்க வந்த அன்றைக்கே அதை எடுக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? அம்மா அடுக்களைக்குள் ஓடிவந்து என் கன்னத்தைத் தொட்டு, "போட்டோவுலயே முடிவு பண்ணிட்டாங்கடி. இனிமே பொண்ணு பாக்கறதெல்லாம் சும்மா பேருக்குத்தான்" என்றாள். அம்மா கடைசியாகச் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. எங்களுக்குத்தான் அது வேறு மாதிரி புரிந்தது.

இரண்டு நாளுக்கு முன்னால்தான் தறியிலிருந்து ஒரு புடவையை அறுத்திருந்தோம். அரக்கு நிறம், மஞ்சள் கரை. திங்கட்கிழமை முதலாளியிடம் கொடுப்பதற்காக மடித்து வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அம்மா, "எங்க வீட்டு வழக்கமே அரக்குதான்" என்றார். அப்பா சாப்பிட்ட கையைக் கழுவிய ஈரத்தோடு முதலாளி வீட்டுக்குப் போய் அனுமதி வாங்கி வந்தார். இரண்டேகால் மணிக்கு அந்த அம்மாள் கிழக்கே பார்த்து நின்று, பையிலிருந்து மஞ்சளை எடுத்துக் குழைத்துப் புடவையின் நான்கு மூலையிலும் வைத்தார். வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள்.

"குளிகைல எடுத்தா என்னாங்க?" என்று அம்மா சந்தோஷத்தில் சும்மா கேட்டுவைத்தாள்.

"ஐயையோ, குளிகைல செஞ்சது திரும்பவும் நடக்குமே! கல்யாணம் ரெண்டு வாட்டி நடக்கலாமா?" என்று அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் நானும் சிரித்தேன்.

பிறகு அவர்கள் எங்கள் பாயில் படுத்துத் தூங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா விட்ட குறட்டை தறிச் சத்தத்தை விடப் பலமாக இருந்தது. நான் உள்ளே உட்கார்ந்து தங்கையிடம் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். ஊரையெல்லாம் கேலி பேசுகிற என் வாய்க்கு அந்த இரண்டு மணி நேரம் விடுமுறை. நான் தள்ளிய நாடாவில் வந்த மஞ்சள் கரை என் தோளிலேயே கிடக்கப்போகிறது என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது. நெய்கிற பெண்கள் தாங்கள் நெய்ததைக் கட்டுவதில்லை. எனக்கு அது கிடைத்துவிட்டது என்றே நம்பினேன். துறைமுகத்துக் குமாஸ்தாவுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது வரைக்கும் மனசு போய்விட்டது. வெட்கத்தை விட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

ஒருவழியாக எழுந்தார்கள். முகம் கழுவினார்கள். "பொண்ண வரச் சொல்லுங்க, பாத்துட்டுக் கிளம்பறோம்" என்று குரல் வந்தது. காபித் தட்டோடு கூடத்துக்குள் வந்தேன். குனிந்த தலையை நிமிர்த்தியபோது எதிர்ச் சுவரில் கடிகாரம். ஐந்தடிக்கப் பத்து நிமிஷம்.

நாலரைக்கு ராகுகாலம் என்று விரல் விட்டுச் சொன்னவர் இதே அம்மாள்தான். ஒருவேளை தூங்கி எழுந்ததில் மறந்திருப்பார், ஞாபகப்படுத்தினால் சந்தோஷப்படுவார் என்றுதான் வாயைத் திறந்தேன். இதை நம்புவது உங்கள் இஷ்டம்.

"ராகுகாலம் ஆரம்பிச்சிடுச்சிங்களே. ஆறு மணிக்கு மேல பாக்கலாமே" என்றேன்.

அவர் சாதாரணமாகக் கையை நீட்டிக் காபியை எடுத்துக்கொண்டார். "ஆறு மணிக்கு எங்களுக்கு பஸ்சுமா. இதுக்கெல்லாம் என்னா ராகுகாலம்?"

"பொடவைக்கு மட்டும் பாத்தீங்களே?"

"அது கல்யாண விஷயமாச்சேமா!" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. டம்ளர் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அத்தைக்குத் திடீரென்று எங்கள் வீட்டுக் கூரை பிடித்துப்போய் அதையே பார்க்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை ஆறிப்போன காபியை ஊதிக்கொண்டிருந்தார். அந்த லட்சணமான முகத்தில் ஒரு சொட்டு வெட்கம்கூட இல்லை, சங்கடம் மட்டும் இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைக்காதவருடைய சங்கடம்.

அப்பாவை நான் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது. ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். புடவை இருந்த பை அவர் காலடியில்தான் இருந்தது. அவர், "நீ உள்ள போம்மா" என்றார். பிறகு அந்தப் பையைத் தானே தூக்கிக்கொண்டு, அவர்களை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

வந்ததும் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்து சொன்னார். பிள்ளைக்கு அரக்கோணத்தில் பெண் நிச்சயமாகி ஒரு மாதமாயிற்றாம். பஸ்ஸில் ஏறும்போது அந்த அம்மாளே சொல்லியிருக்கிறார். "வெறும் பொடவைக்குன்னு உங்க வீட்டுக்கு வந்தா மரியாதையா இருக்காதுங்க. அதான் பொண்ணையும் ஒரு பார்வை பாத்துட்டோம்" என்றாராம். மரியாதைக்காக என்னைப் பார்த்திருக்கிறார்கள்! கோயிலுக்குப் போனால் கொடிமரத்தையும் ஒரு கும்பிடு போடுவது போல.

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலம்மா. பஸ்ஸு கெளம்பிக்கினு இருந்தது."

"பையக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்." சட்டையைக் கழற்றிக்கொண்டே, "மஞ்ச வச்சிட்டாங்களேம்மா. அந்தப் பொண்ணு நமக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததாலேயே எனக்குக் கோபம் இரண்டு மடங்காகியது. மறுநாளிலிருந்து அப்பாவோடு பேசுவதை நிறுத்தினேன். ஒரே தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. அவர் நாடா வந்ததும் என் நாடா போக வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். நான் வெடுக் வெடுக்கென்று இழுத்ததில் கரை ஒரு பக்கம் இறுகிச் சுருங்கியது. முதலாளி பார்த்தால் புடவையை ஒதுக்கிவிடுவார் என்று அப்பாவுக்குத் தெரியும். அவர் திட்டவில்லை. நான் எழுந்து போன பிறகு அந்த இடத்தை மெதுவாகப் பிரித்து மறுபடி நெய்தார். அதைப் பார்த்தும் நான் பேசவில்லை. எனக்கு அவ்வளவு கெட்ட புத்தி.

மூன்று வாரம் கழித்து மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. படிக்கிறவள் நான்தானே, வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். கல்யாணம் நல்லபடியாக நடந்ததாம். கூரைப்புடவையைப் பார்த்து சம்பந்தி வீட்டாரே அசந்துபோனார்களாம். மாப்பிள்ளையின் தங்கைக்கும் நல்ல இடம் வந்திருக்கிறதாம். அவளுக்குக் கிளிப்பச்சையில் ஒன்று, சிவப்புக் கரை போட்டு வேண்டுமாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம். முடிவில், "தங்கள் மகளுக்கும் காமாட்சி அருளால் சீக்கிரம் நல்லது நடக்கும்" என்று ஆசீர்வாதம் வேறு.

படித்து முடித்து மடித்தேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. அவர் எழுந்தார். போகிறார், இந்தத் தடவையும் போகிறார் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் மாடத்திலிருந்து ஒரு இன்லண்ட் லெட்டரை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"எழுதுமா."

"என்னான்னு?" மூன்று வாரத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

"ஜாதகம் பொருந்தலன்னு எழுது."

எனக்குப் புரியவில்லை. "யாரோட ஜாதகம்? அவங்க கேட்டது பொடவ."

"பொடவயோட ஜாதகம்தான். அவங்க குடும்பத்துக்கு எங்க வீட்டுப் பொடவ பொருந்தி வரல, வேற எடம் பாத்துக்கட்டும்னு எழுது. தப்பா நெனைக்க வேணாம்னும் போடு."

"இப்படி எழுதினா ஊரெல்லாம் சொல்லுவாங்க. அப்புறம் யாரு வருவாங்க நம்ம வீட்டுக்கு?" என்று அம்மா பதறினாள்.

"வராங்காட்டி போறாங்க" என்றார் அப்பா.

அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதினேன். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கியதில் எழுத்து கோணலாகிவிட்டது. கையெழுத்துப் போட அவரிடம் நீட்டினேன். அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல் போட்டார். பேனாவை அவ்வளவு அழுத்தியிருந்தார், காகிதத்தின் பின்பக்கத்தைத் தடவினாலும் அவர் பெயரைப் படிக்கலாம் போலிருந்தது.